மூழ்கியவள் எழுந்து வந்த பகல் காட்சி

செத்தவளை அழுதே எழுப்பிய ஆள் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று ஹாஜி அப்துல் மக்ஸூத் சொல்லாத வியாழக்கிழமை அலெக்ஸாந்திரியாவில் விடிந்ததே இல்லை.

செத்தவள் லேசுப்பட்டவள் அல்ல. 'கடலுக்குக் கொடுத்த வாக்கு' படத்தின் கதாநாயகி நவாரா. கடைசி ரீலில் அவள் கடலில் மூழ்கிச் சாகிறாள் என்பது எகிப்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். அந்தப் படம் ஓடிய வருடம் நாட்டில் கைக்குட்டைப் பஞ்சம் வந்தது. கோதுமைக் கப்பலைத் துறைமுகத்தில் காக்கவைத்துவிட்டுக் கைக்குட்டைக் கப்பலை முதலில் உள்ளே விட்டார்கள். அப்படி ஊரே கூடி அழுது வழியனுப்பிய பெண், கர்மூஸ் பேட்டை ஜவ்ஹரா தியேட்டரில், 1974 மார்ச் மாதத்து மூன்று மணிக் காட்சியில், ஹாஜி விட்ட கண்ணீரைப் பார்த்து மனசு பொறுக்காமல் எழுந்துவிட்டாளாம். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வந்து, "ஏன் எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாளாம்.

அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது அந்தந்த வாரத்தைப் பொறுத்தது. ஆரம்பத்தில் அறுநூறு. போன ரம்ஜானுக்குள் நாலாயிரம் ஆகிவிட்டது. ஜவ்ஹராவில் இருந்ததே எழுநூற்று இருபது நாற்காலி.

"மிச்சப் பேர் எங்க உட்கார்ந்தாங்க ஹாஜி?" என்பார் ஸனாத்தி. முப்பத்தேழு வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் ஏற்றுகிற விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"மடியில."

"யார் மடியில?"

"உன் மாமியார் மடியில. இடம் தாராளமா இருந்துது."

இந்தப் பேச்செல்லாம் அத்தாரின் தெருவில் டிராம் தண்டவாளத்தை ஒட்டிய காப்பிக்கடையில் நடக்கும். டிராம் போகும்போதெல்லாம் தேநீர்க் கிளாஸ்கள் தாமாக நகர்ந்து பக்கத்து ஆளின் கைக்குப் போய்விடும். பதினொரு வருடத்தில் தன் தேநீரைத் தானே முழுக்கக் குடித்தவர் அந்த மேசையில் யாரும் கிடையாது. மேசைக்கு ஒரு நோட்டு உண்டு. நோட்டை வைத்திருப்பவர் மேடம் கத்ரிய்யா. கோர்ட்டில் பதிவாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே கோர்ட்டை இந்த மேசைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் போட்ட சட்டம் இது. ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் பிடித்த படங்கள் பத்து. பதினொன்று என்று ஆசைப்படக் கூடாது. ஒன்பதோடு நிறுத்தவும் கூடாது. டெலிவிஷனில் பார்த்தது செல்லாது, தியேட்டரில் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் தன் படத்தைப் பற்றி ஏதாவது சொல்லி, மேசையில் ஒரே ஒருவர் மறுத்தாலும், சாட்சி வர வேண்டும். சாட்சி வந்தால் மையால் எழுதுவார். வராவிட்டால் பென்சிலால். ஆள் இறந்துபோனால் ஏழாம் நாள் அதே மேசையில் அவருடைய பத்தையும் உரக்கப் படிப்பார்கள். அன்றைக்கு யாரும் மறுத்துப் பேசக் கூடாது. செத்தவருக்குச் செய்கிற சலுகை அது ஒன்றுதான். ஆனால் பென்சில் வரிகளைப் படிக்க மாட்டார்கள். இதுவரை மூன்று பேருக்குப் படித்தாகிவிட்டது.

ஸனாத்தியின் பத்தில் முதல் படம், கழுதை ஒன்று ஊர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் சிரிப்புப் படம். அதை முப்பத்தொரு தடவை பார்த்தவர். டிராம் பணிமனைக்கு எதிரில் ஓடியதால் டிராமைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார், பயணிகளும் கூடவே வருவார்கள். கத்ரிய்யாவின் பத்தும் கோர்ட் படங்கள். அவற்றில் ஆறில் தீர்ப்பு தப்பு என்று ஓரத்தில் குறித்துவைத்திருந்தார். ஹாஜிக்கு ஒன்பது படங்கள் மையில் இருந்தன. பத்தாவது மட்டும் பதினொரு வருடமாகப் பென்சிலில் இருந்தது. 'கடலுக்குக் கொடுத்த வாக்கு: நவாரா பிழைத்த காட்சி.'

"பிழைச்ச காட்சிங்கறதை எடுத்துடுங்க ஹாஜி," என்று கத்ரிய்யா பலமுறை சொல்லிப் பார்த்தார். "படத்தை மட்டும் எழுதறேன். அவ சாகற படத்துக்கு நாடே சாட்சி."

"சாகற படம் எனக்கு எதுக்கு மேடம்? அது எல்லார்கிட்டயும் இருக்கு."

மறுத்தவர் ஒரே ஒருவர். வஹீப் தத்ரூஸ்.

வேறு யார் மறுத்திருந்தாலும் ஹாஜி பேசியே கவிழ்த்திருப்பார். வஹீப் அதே ஜவ்ஹராவில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். படம் ஓட்டியவரே இல்லை என்று சொன்ன பிறகு பார்த்தவன் பேச்சு எடுபடுமா? ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார், குரலை உயர்த்தாமல், கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

"படம் அச்சானது அச்சானதுதான் ஹாஜி. செத்தவ எழுந்திருக்க மாட்டா. நீங்க தூங்கி கனவு கண்டிருப்பீங்க."

ஆனால் நடந்தது என்று வஹீபுக்குத் தெரியும். அந்த மேசையில், ஒருவேளை அந்த நகரத்திலேயே, அது எப்படி நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால், எப்படி நடந்தது என்பது அடுத்த கேள்வி. யாரால் என்பது அதற்கும் அடுத்தது. கத்ரிய்யா அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விடுகிற பெண் அல்ல.

அந்த மார்ச் மாதத்தில் ஜவ்ஹராவின் ஆபரேட்டர் வஹீப் அல்ல, அவருடைய அண்ணன் ஃபஹீம். வஹீபுக்குப் பத்தொன்பது வயது. சைக்கிளில் படப்பெட்டி சுமக்கும் வேலை. ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவார்கள். ரம்லேயில் பெல்வேதேர் தியேட்டர் முக்கால் மணி நேரம் முன்னால் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் பறக்க வேண்டும். வஹீப் மிதிக்கிற வேகத்தில் கடற்காற்றே ஓரமாக ஒதுங்கி நிற்கும் என்று ஃபஹீம் சொல்வான்.

அன்றைக்கு அந்த வேகம் இல்லை. ஆறாவது, ஏழாவது ரீல்கள் பின்னால் இருந்தன. ஆறாவது ரீலின் முதல் காட்சியே நவாரா மழையில் நனைந்து வந்து கதவைத் திறக்கிற காட்சி. அந்த முகம் வஹீபுக்கு வேண்டும். அந்தக் காலத்துச் சினிமாப் பைத்தியங்களிடம், பெட்டி சுமக்கிற பயல்களிடம், இப்படித் திருட்டாக வெட்டிய பிலிம் துண்டுகள் சிகரெட் பெட்டி நிறைய இருக்கும். வஹீப் கடற்சுவரில் உட்கார்ந்து, இரண்டு டப்பாக்களையும் திறந்து, பிலிமின் முனையை வெயிலுக்கு எதிரே பிடித்து, எந்த ரீலில் முகம் தெளிவாக இருக்கிறது என்று பார்த்தான். அம்மாவின் தையல் கத்தரியால் இரண்டு கட்டம் வெட்டினான். அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. பதறி எழுந்து மூடிகளைப் போட்டபோது ஆறின் மேல் ஏழைப் போட்டான். ஏழின் மேல் ஆறை.

அவன் ஜவ்ஹராவின் படியேறும்போது ஐந்தாவது ரீல் முடியப் போகிறது. திரை வெள்ளையாகிவிடும் என்று ஃபஹீம் கையை நீட்டிக்கொண்டு நின்றான். பிலிமின் தொடக்கத்தில் எண் எழுதியிருக்கும் வெற்றுத் துண்டெல்லாம் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து எப்போதோ அறுந்துபோயிருந்தது; மூடியில் சிவப்புச் சாயத்தில் எழுதிய எண் ஒன்றுதான் நம்பிக்கை. மூடியைப் பார்த்து மாட்டினான். ஐந்தாவது ரீலில் வீட்டார் நவாராவைக் காணோமே என்று காத்திருந்தார்கள். அடுத்த நிமிடம் அவள் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தாள். ஜனங்களுக்கு நடுவில் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றவே இல்லை, அழுவதற்குத்தானே வந்திருந்தார்கள். 'முற்றும்' என்று வந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். அப்போது இரண்டாவது மெஷின் வெளிச்சம் அடித்தது. கதவு திறந்தது.

ஜவ்ஹராவின் கூரை அன்றைக்குப் பிய்ந்து பறக்காமல் நின்றது பொறியாளரின் புண்ணியம். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது ரீலின் கடைசிக் காட்சியான படகுக் கல்யாண ஊர்வலத்தோடு படம் நின்றது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஆறு மணிக் காட்சிக்குப் பேட்டையே திரண்டு வந்தது. அதற்குள் ஃபஹீம் ரீல்களைச் சரியாக அடுக்கியிருந்தான். நவாரா செத்தாள், செத்தவள் செத்தபடியே கிடந்தாள். ஜனங்கள் நாற்பது நாற்காலிகளை உடைத்தார்கள். முதலாளி மாடிக்கு வந்து யார் செய்த வேலை என்று கேட்டார். ஃபஹீம் முனை வெட்டுப்பட்ட பிலிமைக் கையில் வைத்திருந்தான். தம்பியின் சட்டைப் பையைப் பார்த்தான். "என் தப்பு," என்றான்.

அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் முதலாளி அந்த வேலைக்கு வஹீபைக் கூப்பிட்டார். "ஒத்துக்கோடா," என்றான் ஃபஹீம். "வீட்டுக்கு ஒரு சம்பளமாவது வரணும்ல." பிறகு ஒரு லாரியில் ஏறி எல்லை ஊரான ஸல்லூம் வழியாக லிபியாவுக்குப் போனான். பெங்காஸியிலிருந்து மூன்று வருடம் கடிதம் வந்தது. 77இல் எல்லையை மூடினார்கள். கடிதமும் நின்றது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அம்மா பன்னிரண்டு வருடம் மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, பிறகு செத்துப்போனார். அம்மாவிடமும் வஹீப் சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் இந்த வருடம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ஹாஜி கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு மாதமாகவே குரல் கரகரத்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ஆபரேஷன்," என்றார். "குரல்வளையை மொத்தமா எடுக்கறாங்களாம். டாக்டர் பையன் நல்லவன். ஹாஜி, பேச வேண்டியதையெல்லாம் வெள்ளிக்குள்ள பேசிடுங்கன்னான். நான் சொன்னேன், தம்பி, அதுக்கு எனக்குத் தொண்ணூறு வருஷம் தேவைப்படும்னு."

 ஸனாத்தி எதையாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

"ஸமீஹாவா? அழறா. நாப்பது வருஷமா வாயை மூடுங்க, வாயை மூடுங்கன்னவ, இப்ப மூடப் போறேன்னதும் அழறா. இந்தப் பொம்பளைங்களைத் திருப்திப்படுத்தவே முடியாது."

பிறகு அவர் கத்ரிய்யாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நோட்டை எடுங்க. இன்னிக்கு அந்தப் பென்சில் விவகாரத்தை முடிச்சுடலாம். என் வாயாலயே ஒரு தடவை சொல்லிடறேன். ஜோடனை இல்லாம."

ஜோடனை இல்லாமல் ஹாஜி பேசுவது என்றால் கடல் தண்ணீரில் உப்பு இல்லாமல் போவது மாதிரி. கத்ரிய்யா நோட்டைத் திறந்தார்.

"அறுநூறு பேரெல்லாம் இல்லை, நாலாயிரமும் இல்லை. பாதி நாற்காலி காலி," என்றார் ஹாஜி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினார். "போர் முடிஞ்சு நான் கால்வாய்க் கரையிலிருந்து வந்து அஞ்சு மாசம். எங்க பிரிவுல பதினேழு பேர். நான் ஒருத்தன்தான் திரும்பினேன். வந்ததிலிருந்து பேசலை. பேச வரலை. அம்மா ஷேக்குகிட்ட கூட்டிட்டுப் போனா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அஞ்சு மாசம் ஒரு வார்த்தை கிடையாது. அன்னிக்குத் தெருவுல நடக்கப் பிடிக்காம இருட்டா இருக்கும்னு தியேட்டருக்குள்ள போனேன். அவ செத்தா. சரி, எல்லாரும்தான் சாகறாங்கன்னு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துது. ஈரத் தலையோட வந்தா. பக்கத்து நாற்காலியில ஒரு கிழவர் இருந்தார். அவர் கையைப் பிடிச்சு, 'உயிரோட இருக்கா'ன்னேன். அதான் நான் பேசின முதல் வார்த்தை. அப்புறம் நிறுத்தவே இல்லை, அது உங்களுக்குத் தெரியும்."

டிராம் ஒன்று போனது. கிளாஸ்கள் நகர்ந்தன. ஒருவரும் தம் கிளாஸைத் தேடவில்லை.

"நான் அழுததுனால அவ எழுந்தான்னு சொன்னது பொய்," என்றார் ஹாஜி. "எழுந்தா. அது மட்டும் நிஜம்."

கத்ரிய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் அவருக்கும் பொருந்தும். "உஸ்தா வஹீப்," என்றார், தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுகிற மரியாதையோடு. "ஆட்சேபம் இருக்கா?"

"ஆட்சேபம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா," என்றார் ஸனாத்தி மெதுவாக. "உன் வீட்டு வாடகையா கூடப் போகுது?"

வஹீப் ஹாஜியின் கழுத்து மப்ளரைப் பார்த்தார். இந்த மனிதனுக்குப் பேச்சு வந்த அதே நாளில்தான் ஃபஹீம் மாடியில் வெட்டுப்பட்ட பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரே ரீல். கீழே ஒருவனுக்கு வாய் திறந்தது, மேலே ஒருவனுக்கு ஊரே மூடிப்போனது. நடந்தது என்று இப்போது சொன்னால் ஹாஜி கட்டிப் பிடித்து அழுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். ஃபஹீம் நாடு விட்டுப் போனதற்கு இந்த மேசையில் கைதட்டல். 

"மூடியில நம்பர் இருக்கும்," என்றார் வஹீப். "எந்த ஆபரேட்டரும் மாத்தி மாட்ட மாட்டான். ஜவ்ஹரா ஆபரேட்டர் நல்ல ஆபரேட்டர். அப்படி நடக்கலை."

ஹாஜி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வஹீப் தாங்கியிருக்கலாம்.

"சரி," என்றார் ஹாஜி. "ரப்பர் இருக்கா மேடம்?"

கத்ரிய்யா பையில் தேடுவதுபோலத் தேடி, இல்லை என்றார்.

ஆபரேஷன் பிழையில்லாமல் நடந்தது. இரண்டு வியாழக்கிழமை ஹாஜியின் நாற்காலி காலியாக இருந்தது. மேசை அந்த இரண்டு வாரமும் படங்களைப் பற்றிப் பேசியது, வாயில் பஞ்சு அடைத்த மாதிரி. ஸனாத்தி கழுதைப் படத்தைத் தொடங்கிப் பாதியில் மறந்துவிட்டார். யாரும் இடைமறித்து, 'இல்லை, அது அப்படியில்லை' என்று சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு பொய்யாவது வேண்டுமே.

மூன்றாவது வாரம் வஹீப் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஹாஜி வீட்டுக்குப் போனார். பகல் பதினொரு மணி. ஸமீஹா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊமையோடு இருந்து இருந்து அந்த அம்மாளும் கையால் பேசப் பழகியிருந்தார்.

"சாப்பிடறாரா?" என்றார் வஹீப்.

"சூப்பு குடிக்கிறார். அது ஒண்ணும் இல்லை உஸ்தா." ஸமீஹா குரலைத் தாழ்த்தினார். "எழுதி எழுதிக் காட்டறார் இல்லையா, முதல் வாரம் ஒரு நோட்டு முடிஞ்சுது. ரெண்டாவது வாரம் நாலு பக்கம். இந்த வாரம் 'தண்ணி', 'ஜன்னல்', அவ்வளவுதான். சொல்லறதுக்கு என்ன இருக்குன்னு எழுதினார்."

ஹாஜி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கழுத்தில் ஒரு துளை, அதில் சிறு குழாய், அதன் மேல் வலைத்துணி. மூச்சு அங்கே போய் வந்தது. அவ்வளவு பெரிய ஆள் எப்படி இத்தனை சிறிய நாற்காலிக்குள் அடங்கினார் என்று வஹீபுக்குப் புரியவில்லை. வஹீபைப் பார்த்ததும் மடியிலிருந்த பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். வெகுநேரம் எழுதினார். எழுதி நீட்டினார்.

'நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். நீ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன். நான் வெறும் ஆள். தூங்கியிருப்பேன். போரிலிருந்து வந்தவன் என்னத்தைத்தான் பார்க்க மாட்டான். அப்படியென்றால் அந்தக் கிழவர் கையையும் பிடிக்கவில்லை. பதினேழு பேரில் நான்தான் திரும்பினேன் என்பது மட்டும் உண்மை. மற்றதெல்லாம் வாய் இருந்ததால் வந்தது. மேடத்திடம் சொல், ஒன்பதோடு விட்டுவிடட்டும்.'

வஹீப் அதை இரண்டாவது தடவை படித்தார். எழுத்து நேராக, அமைதியாக இருந்தது. ஒரு வார்த்தையைக்கூட அடித்துத் திருத்தவில்லை. நாற்பத்தைந்து வருடம் ஊரே சிரித்தபோது விட்டுக்கொடுக்காத மனிதர், வாய் போன மூன்றே வாரத்தில் தன்னைத்தானே நம்புவதை நிறுத்திவிட்டார். இந்த உலகத்தில் அந்தக் காட்சியை வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். இவரும் விட்டுவிட்டால் அது எங்குமே நடக்கவில்லை. அப்படியானால் ஃபஹீம் எதற்காக லாரி ஏறினான்? நடக்காத ஒன்றுக்காகவா அம்மா பன்னிரண்டு வருடம் தட்டு வைத்தார்?

அவர் நோட்டை மூடி ஹாஜியின் மடியில் வைத்தார். அது நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"ஹாஜி," என்றார். "அன்னிக்கு மெஷின் பக்கத்துல நின்னது நான் இல்லை. என் அண்ணன் ஃபஹீம். நான் சைக்கிள்ல ரீல் கொண்டு வந்தவன்."

ஹாஜி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கடற்சுவர்ல உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவ முகத்தை ரெண்டு கட்டம் வெட்டிக்கிட்டேன். மூடியை மாத்திப் போட்டுட்டேன். ஏழாவது ரீல் முன்னால ஓடுச்சு, ஆறாவது பின்னால. அதனாலதான் அவ செத்தப்புறம் கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. அண்ணன் பழியை ஏத்துக்கிட்டான். அவனை அனுப்பினாங்க. அவன் நாற்காலியிலதான் நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தேன். அவன் லிபியாவுக்குப் போனான். வரலை."

ஸமீஹா கதவருகில் நின்றிருந்தார், கையில் உரித்த ஆரஞ்சோடு. உள்ளே வரவில்லை.

"ஒவ்வொரு படத்துக்கும், கடைசி ரீல் முடிஞ்சப்புறம், ரெண்டு நிமிஷம் மெஷினை அணைக்காம வெச்சிருப்பேன் ஹாஜி. முதலாளி கரண்டு போகுதுன்னு திட்டுவார். யாராவது எழுந்து வருவாங்களான்னு பார்ப்பேன். யாரும் வரலை. அந்த ஒரு காட்சியிலதான் வந்தா."

ஹாஜியின் வாய் திறந்தது. உதடுகள் ஏதோ வார்த்தைக்கு வடிவம் எடுத்தன. கழுத்துக் குழாயில் காற்று மட்டும் சீறியது. அவர் கையை நீட்டி வஹீபின் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினார், பிடி வலித்தது. என்ன கேட்கிறார் என்று வஹீபுக்குப் புரிந்தது. கேட்க அவரிடம் குரல் இல்லை, சொல்ல வேறு ஆள் இல்லை.

"நடந்தது ஹாஜி," என்றார் வஹீப். "நான் மாடிப்படியில நின்னு பார்த்தேன். நடந்தது."